உங்கள் பாணி உங்களுக்கு உதவுகிறதா? – வாசகர் கேள்வி பதில்

கடந்த இதழில் பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகளைப் பற்றி எழுதுகையில், நம் மலையகப் பிள்ளைகள் வேறு யாருடைய நிழலாகவும் ஓடாமல் தமக்கென ஒரு பாணியைக் கண்டுகொள்ள வேண்டும் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தலவாக்கலை முதல் பசறை வரை பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. சிலர் விளக்கம் கேட்கிறார்கள். சிலர் சண்டைக்கே வந்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே பொருளைப் பற்றியவை என்பதால் இம்மாதப் பகுதியை அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். எழுதியவர்களில் பலர் மாணவர்கள். ஆகவே ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: நான் 18 வயதுக்குட்பட்ட பிரிவில் 1,500 மீற்றர் ஓடுகிறேன். ஓடும்போது என் வலது கை மார்புக்குக் குறுக்கே வருகிறது. களைத்துவிட்டால் தலையும் ஒரு பக்கம் சாய்கிறது. முன்பிருந்த ஆசிரியர், "இதுதான் உன் பாணி, அப்படியே விடு" என்றார். புதிதாக வந்திருக்கும் ஆசிரியர் இதை முற்றாக மாற்ற வேண்டும் என்கிறார். மாகாண மட்டப் போட்டிக்கு ஆறு வாரங்களே இருக்கின்றன. யார் சொல்வதைக் கேட்பது ஐயா?
– மாணவி, தலவாக்கலை

பதில்: மகளே, உங்கள் ஆசிரியர்கள் இருவரும் உங்கள் ஓட்டத்தைக் கண்ணால் அளந்திருக்கிறார்கள், கடிகாரத்தால் அளந்தவர் யாருமில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

பார்வைக்கு அழகில்லாத ஓட்டத்தோடு உலகை வென்றவர்கள் உண்டு. செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சட்டோபெக் தலையை இப்படியும் அப்படியும் உருட்டிக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, இதோ விழப்போகிறார் என்று பார்ப்பவர்கள் அஞ்சும்படி ஓடுவார். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றவர் அவர்தான். அதுவும் அந்த மரதன் அவர் வாழ்நாளில் ஓடிய முதல் மரதன். பிரித்தானியாவின் போலா ரட்கிளிஃப் ஒவ்வோர் அடிக்கும் தலையாட்டுவதைத் தொலைக்காட்சியில் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். 2003இல் லண்டன் மரதனை அவர் 2 மணி 15 நிமிடம் 25 செக்கனில் ஓடி முடித்தார். பெண்களில் எவரும் 2019 வரை அந்த நேரத்தை முந்தவில்லை. மைக்கல் ஜோன்சனோ முதுகை நேராக நிமிர்த்தி, அடிகளைக் குறுக்கி வைத்து ஓடுவார். முழங்காலை உயர்த்து, அடியை நீட்டு என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதற்கெல்லாம் மாறாகத் தோன்றும் அந்த ஓட்டத்தில்தான் அவர் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 200 மீற்றரை 19.32 செக்கனிலும் 400 மீற்றரை 43.49 செக்கனிலும் வென்றார்.

ஆனால் இவர்களைச் சாட்சிக்கு அழைத்து, "என் தலை சாய்வதும் பாணிதான்" என்று வழக்கை முடித்துவிடாதீர்கள். ரட்கிளிஃப் தலையாட்டியதால் வென்றவரல்லர். தலை ஆடியபோதும் அவருடைய காலடி தடுமாறவில்லை, வேகம் விழவில்லை. ஆகவே உங்கள் கை குறுக்கே வருவது பார்ப்பதற்கு எப்படியிருக்கிறது என்ற பேச்சை விட்டுவிட்டு, அது உங்களிடமிருந்து எதையாவது பறிக்கிறதா என்று மட்டும் தேடுங்கள்.

அதைத் தேட வேண்டிய இடம் ஓட்டத்தின் கடைசிப் பகுதி. முதல் சுற்றில் எல்லோருமே அழகாகத்தான் ஓடுகிறோம். கையடக்கத் தொலைபேசி ஒன்றைத் தோழியிடம் கொடுத்து, இறுதி 300 மீற்றரை ஒருமுறை பக்கவாட்டிலிருந்தும் ஒருமுறை பின்னாலிருந்தும் படம்பிடிக்கச் சொல்லுங்கள். பின்னாலிருந்து எடுத்ததில் கையைப் பார்க்காமல் இடுப்பைப் பாருங்கள். ஓடும்போது கை தன்னிச்சையாக எதையும் செய்வதில்லை. கால்களும் இடுப்பும் உண்டாக்கும் சுழற்சியைச் சமன்செய்யவே அது ஆடுகிறது. ஒரு காலில் உடல் நிற்கும் கணத்தில் மறுபக்க இடுப்பு கீழே இறங்கினாலோ, பாதம் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் விழுந்தாலோ, கை குறுக்கே வந்துதான் தீரும். அப்படியானால் பிழை இடுப்பைச் சுற்றியுள்ள தசைகளின் பலவீனத்தில் இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கையை மட்டும் திருத்தச் சொல்வது காய்ச்சல்காரரின் நெற்றியைத் துடைத்துவிடுவதைப் போன்றது. இடுப்பு நிலையாக இருந்து, பாதமும் நேராக விழுந்து, கை மட்டும் குறுக்கே வருகிறதென்றால் அதைப் பெரும்பாலும் விட்டுவிடலாம்.

இன்னொரு சோதனையும் செய்யலாம். ஒரு நாள் 400 மீற்றரைப் போட்டி வேகத்தில் நான்கு முறை, சமமான ஓய்வு இடைவெளியுடன் ஓடுங்கள். ஒருமுறை உங்கள் வழக்கப்படி, மறுமுறை கையை ஆசிரியர் சொன்னபடி வைத்து, இப்படி மாறி மாறி. சில நாள் கழித்து வரிசையை மாற்றி மீண்டும் ஓடுங்கள். நேரத்தையும் ஓடி முடித்தவுடன் நாடித்துடிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். திருத்திய கையோடு ஓடும்போது முதலில் சற்று மெதுவாகத்தான் வரும். பழகாத எதுவும் அப்படித்தான். எனவே அந்த எண்ணிக்கையை ஒரே நாளில் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எதியோப்பியாவின் ஹெய்லி கெப்ரசெலாசியின் இடது கை ஓடும்போது சற்று மடங்கியே இருக்கும். சிறுவயதில் பள்ளிக்கு 10 கிலோமீற்றர் தூரம் புத்தகங்களை அந்தக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடியதன் மிச்சம் அது. பத்தாயிரம் மீற்றரில் இரண்டு ஒலிம்பிக் தங்கங்களை வெல்வதற்கு அந்தக் கை தடையாக இருக்கவில்லை. நம் பிள்ளைகளிலும் பலர் ஒரே தோளில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு தோட்டத்து லய வீடுகளிலிருந்து பாடசாலைக்கு மேடும் பள்ளமுமாக நாள்தோறும் நடப்பவர்கள். உங்கள் சாய்வுக்கும் அப்படியொரு காரணம் இருக்கலாம். பையை இரு தோள்களிலும் மாட்டிப் பாருங்கள், செலவில்லாத வைத்தியம்.

ஆறு வாரத்தில் ஓட்டத்தை முற்றாக மாற்றி எழுத முடியாது; முயன்றால் போட்டி நாளன்று பழையதும் இல்லாமல் புதியதும் இல்லாமல் நிற்பீர்கள். இப்போதைக்கு வாரத்தில் மூன்று நாள் ஒற்றைக் காலில் நின்று இடுப்பைச் சமமாக வைக்கும் பயிற்சி, முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடலை நேராகத் தாங்கும் பயிற்சி, மலைச்சரிவில் குறுகிய ஏற்ற ஓட்டங்கள் ஆகியவை போதும். மாற்றம் தேவைதானா என்பதைப் போட்டிப் பருவம் முடிந்தபின் புதிய ஆசிரியரோடு அமர்ந்து பேசுங்கள். அவரிடம் படத்தைக் காட்டிப் பேசினால் விவாதம் குறையும்.

கேள்வி: எங்கள் தோட்டத்து மென்பந்து அணியில் நான்தான் வேகப்பந்து வீச்சாளர். லசித் மாலிங்கவைப் போலக் கையைத் தாழ்த்தி வீசுகிறேன். எல்லோரும் என்னை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். இப்போது ஹட்டனில் ஒரு கடினபந்துக் கழகத்தில் சேர்ந்திருக்கிறேன். அங்குள்ள பயிற்றுவிப்பாளர் கையை உயர்த்தி வீசும்படி கட்டாயப்படுத்துகிறார். எனக்கென்றிருந்த பாணியை விட்டுவிடுவதா?
– இளைஞர், பொகவந்தலாவை

பதில்: தம்பி, முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நீங்கள் விடத் தயங்குவது உங்கள் பாணியையா, மாலிங்கவின் பாணியையா?

காலிக்கு அருகே ரத்கமவில், கடற்கரையிலும் வெற்றுக் காணிகளிலும் மென்பந்து வீசி வளர்ந்த மாலிங்கவுக்கு அந்தக் கை வீச்சு எவரையும் பார்த்து வந்ததல்ல. அவருக்கு முன்னால் பார்த்துப் பழக அப்படியொருவர் இருக்கவும் இல்லை. அவரைக் கண்டெடுத்த முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் சம்பக்க ராமநாயக்க அந்த வீச்சை மாற்ற முற்படாமல் அதன்மேல் கட்டுப்பாட்டை வளர்த்தார். துடுப்பாட்டக் கோட்டருகே சப்பாத்துச் சோடியை வைத்து அதைக் குறிபார்த்து வீசிய பயிற்சியைப் பற்றி நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2007 உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக நான்கு பந்துகளில் நான்கு விக்கெட்டுகள், 2019இல் நம் பல்லேகலை மைதானத்திலேயே நியூசிலாந்துக்கு எதிராக மீண்டும் நான்கு பந்துகளில் நான்கு விக்கெட்டுகள். இவற்றுக்குப் பின்னால் தாழ்ந்த கை இருக்கிறது என்பது பாதி உண்மை. அந்தக் கையால் நினைத்த இடத்தில் பந்தைப் போடப் பழகிய உழைப்பு மறுபாதி. பிறர் படியெடுப்பது எப்போதும் கையைத்தான். சப்பாத்துச் சோடியை வைத்துப் பழகுகிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

சட்டம் பற்றிய பயம் வேண்டாம். இடுப்புக்குக் கீழிருந்து வீசும் கீழ்க்கை வீச்சாக இல்லாதவரை, கை எவ்வளவு உயரத்தில் வருகிறது என்பதை வைத்து நடுவர் உங்களைத் தடுக்க முடியாது. அவர் பார்ப்பது முழங்கையை. கை தோள் மட்டத்துக்கு வந்ததிலிருந்து பந்து விடுபடும் வரை மடங்கிய முழங்கை நீளக் கூடாது. சர்வதேசப் போட்டிகளில் 15 பாகை வரையான நீட்சி அனுமதிக்கப்படுகிறது.

எனக்கிருக்கும் பயம் தோள் பற்றியது. நீங்கள் இதுவரை வீசிய டெனிஸ் பந்து 60 கிராமுக்கும் குறைவானது. கடினபந்தோ 156 முதல் 163 கிராம் வரை எடையுள்ளது. ஏறத்தாழ மூன்று மடங்கு பாரத்தை அதே தாழ்ந்த சுழற்சியில், அதே வேகத்தில், ஒரு மாலைப்பொழுது முழுவதும் எறிந்தால் தோளும் முதுகின் கீழ்ப்பகுதியும் உங்களிடம் கணக்குக் கேட்கும். பயிற்றுவிப்பாளர் கையை உயர்த்தச் சொல்வது இந்தக் காரணத்துக்காகவும் இருக்கலாம். காரணத்தை அவரிடமே கேளுங்கள், மரியாதையோடு கேட்டால் நல்ல பயிற்றுவிப்பாளர் எவரும் கோபிக்கமாட்டார்.

உங்களுக்கு நீங்களே ஒரு விசாரணையும் நடத்துங்கள். சிறுவயதில் மரத்திலிருந்த கொய்யாவைக் கல்லெறிந்து விழுத்தும்போது கை எந்த உயரத்தில் வந்தது? தொலைக்காட்சியில் மாலிங்கவைக் காணுமுன்னரே அது தாழ்ந்துதான் வந்ததா? வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அப்படியென்றால் அது உங்கள் உடலுக்கே உரியது. அதை வைத்துக்கொண்டு பந்துகளின் எண்ணிக்கையை வாரத்துக்கு வாரம் மெல்லக் கூட்டி, தோளைப் பலப்படுத்தி, குறியைப் பழகுங்கள். அணி நண்பர்களின் கைதட்டலுக்காக வந்ததென்றால் அதைக் கழற்றி வைப்பதில் நட்டம் எதுவுமில்லை.

கண்டியில் பிறந்து புனித அந்தோனியார் கல்லூரியில் படித்த முத்தையா முரளிதரனின் வரலாற்றை இங்கே நினைத்துப் பார்க்கலாம். தேயிலைத் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் பேரன் என்பதால் நமக்கு அவர்மீது கூடுதல் உரிமையும் உண்டு. அவர் மிதவேகப் பந்து வீச்சாளராகத் தொடங்கியவர். 14 வயதளவில் கல்லூரிப் பயிற்றுவிப்பாளரின் ஆலோசனையின் பேரில்தான் சுழலுக்கு மாறினார். பிறவியிலேயே முழுதாக நீளாத முழங்கை, வழக்கத்துக்கு மீறிச் சுழலும் மணிக்கட்டு ஆகிய இரண்டும் அவர் தேர்ந்தெடுத்தவை அல்ல. அவற்றுக்குப் பொருத்தமான வேலை எது என்பதைத்தான் அந்த வயதில் தேர்ந்தெடுத்தார்கள். 1995இல் மெல்பேர்னில் அவருடைய பந்துகளை முறையற்றவை என்று நடுவர் அறிவித்தபோதும், பின்னர் ஆய்வுகூடங்களில் மீண்டும் மீண்டும் அளக்கப்பட்டபோதும் அவர் தம் வீச்சை நிரூபிக்க முடிந்ததற்குக் காரணம், அது அவருடைய எலும்பிலேயே இருந்ததுதான். 800 டெஸ்ட் விக்கெட்டுகளை அவர் எட்டியது அதன்பிறகு நடந்த கதை. அவர் மிதவேகத்திலேயே பிடிவாதமாக நின்றிருந்தால் அந்த மணிக்கட்டு வீணாகியிருக்கும். உங்கள் கழகத்தில் ஒரு மாதம் வேறு எதையாவது முயன்று பார்ப்பதில் உங்கள் பாணி எங்கும் ஓடிப்போய்விடாது.

கேள்வி: தலைமுடியின் ஒரு பகுதிக்கு நிறம் பூசிக்கொண்டு, நெற்றிப்பட்டி கட்டி, வென்றால் கையை விரித்துக் காட்டுவது எங்கள் பாடசாலையில் பெரிய பிரச்சினையாகிவிட்டது. இதுவும் ஒரு வீரரின் தனித்தன்மை இல்லையா?
– மாணவர், இராகலை

பதில்: நெற்றிப்பட்டி வியர்வையைத் தடுக்கும், அதற்கு என் முழு ஆதரவு. மற்ற இரண்டும் ஓட்டம் முடிந்தபிறகு பேச வேண்டியவை. முடியின் நிறத்தைப் பாடசாலை விதிகள் தீர்மானிக்கட்டும். அதற்காக மாகாணப் போட்டியை இழக்கும் அளவுக்கு அது பெறுமதியானதாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: என் மகன் உயரம் பாய்கிறான். கத்தரிபோலக் கால்களை மாற்றிப் பாயும் பழைய முறையில் பாடசாலையில் அவன்தான் முதலாவது. மல்லாந்து பாயும் முறையைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், அதைப் பழகாவிட்டால் மேலே போக முடியாது என்கிறார்கள். பாடசாலையில் மெத்தை இல்லை, மணல்தான் இருக்கிறது.
– தாய், பசறை

பதில்: அம்மா, மணலில் மல்லாந்து பாய உங்கள் மகனை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். இதில் பாணி, தனித்தன்மை என்ற பேச்சுக்கே இடமில்லை. விழும் இடம் கழுத்து.

மெக்சிக்கோவில் 1968ஆம் ஆண்டு 2.24 மீற்றர் பாய்ந்து ஒலிம்பிக் தங்கம் வென்று அந்த முறையை உலகறியச் செய்த டிக் ஃபொஸ்பரி, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பள்ளி மாணவராக இருந்தபோது, அன்றைக்கு எல்லோரும் பயன்படுத்திய, குறுக்குக் கம்பத்தைக் குப்புற உருண்டு தாண்டும் முறை தமக்குக் கைவராமல் கத்தரிப் பாய்ச்சலுக்கே திரும்பியவர். அதிலிருந்தபடியே இடுப்பை உயர்த்த முயன்று முயன்று, கடைசியில் முதுகு கீழாக அமைந்த புதிய பாய்ச்சலை அடைந்தார். மணலுக்குப் பதிலாக உயரமான மென்மெத்தைகள் வந்ததால்தான் அது உயிருக்கு ஆபத்தில்லாத முறையாயிற்று. ஆகவே உங்கள் மகனின் கத்தரிப் பாய்ச்சல் வீண்போகவில்லை. வளைந்து ஓடிவருவதையும் ஒற்றைக் காலால் உந்துவதையும் அவன் இப்போதே நன்றாகப் பழகலாம். உந்துவது ஒரு காலால்தான் இருக்க வேண்டும் என்பதே விதி. கம்பத்தை எப்படிக் கடப்பது என்பதை விதி கட்டுப்படுத்தவில்லை. மெத்தை உள்ள பாடசாலை ஒன்றில் கிழமைக்கு ஒருநாளாவது பயிற்சிக்கு இடம் கேட்டு அதிபர் வழியாக வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுங்கள். கிடைத்தபிறகு மல்லாந்து பாயட்டும்.

கேள்வி: 800 மீற்றரில் நான் எப்போதும் கடைசி ஆளாக ஓடி, இறுதி 200 மீற்றரில் எல்லோரையும் முந்துவேன். அது பார்வையாளர்களுக்குப் பிடிக்கும். கொழும்பில் ஓடியபோது மட்டும் முந்த முடியாமல் ஐந்தாவதாக வந்தேன். என் பாணி சரியில்லையா, அன்றைய நாள் சரியில்லையா?
– மாணவர், மஸ்கெலியா

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது நீங்கள் கூறாமல் விட்ட ஒன்று: ஒவ்வொரு 200 மீற்றரையும் எத்தனை செக்கனில் ஓடுகிறீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. அது தெரிந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது.

தொப்பி அணிந்து ஓடிய அமெரிக்கரான டேவ் வொட்டில் 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் 800 மீற்றர் இறுதியில் வெகுதூரம் கடைசியாகவே வந்து, முடிவுக்கோட்டில் 0.03 செக்கனால் வென்றார். பார்ப்பவர்களுக்கு அது இறுதியில் பறந்த ஓட்டமாகத் தோன்றும். நேரத்தைப் பிரித்துப் பார்த்தால் அவர் நான்கு 200 மீற்றர்களையும் 26 செக்கனுக்கும் 27 செக்கனுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடியிருக்கிறார். முன்னால் சென்றவர்கள் மிகை வேகத்தில் தொடங்கிக் கடைசியில் தளர்ந்தார்கள். அவர் தளரவில்லை, அவ்வளவுதான். இதற்கு நேரெதிரே, கென்யாவின் டேவிட் ருடிஷா 2012 லண்டனில் தொடக்கத்திலேயே முன்னே சென்று, முதல் சுற்றை ஏறத்தாழ 49 செக்கனில் கடந்து, எவரையும் அருகில் விடாமல் 1 நிமிடம் 40.91 செக்கனில் உலக சாதனை படைத்தார். இருவரும் தங்கம் வென்றார்கள். இருவருக்கும் தங்கள் வேகத்தின் எல்லை எங்கே இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்திருந்தது.

உங்கள் வலய மட்டத்தில் முன்னால் ஓடுகிறவர்கள் முதல் சுற்றிலேயே தங்களை எரித்துக்கொள்கிறார்கள். நீங்கள் முந்துவதாக நினைப்பது பெரும்பாலும் அவர்கள் பின்வாங்குவது. தேசிய மட்டத்தில் அப்படித் தளர்பவர்கள் குறைவு. கொழும்பில் நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கடைசியில் நிற்கிறவர் முந்துவதற்கு வெளியே விலகி ஓட வேண்டும். ஓடுபாதையின் ஒரு பாதை 1.22 மீற்றர் அகலமானது. ஒரு சுற்று முழுவதும் ஒரு பாதை வெளியே ஓடினால் ஏறத்தாழ 7.7 மீற்றர் அதிகம் ஓடுகிறீர்கள். ஒரு வளைவில் மட்டும் அப்படி ஓடினால் 3.8 மீற்றர். வட்டம் சிறியதோ பெரியதோ, சுற்றொன்றுக்கு இழப்பது இதே அளவுதான். மைதானம் சிறியதாக இருந்து 800 மீற்றருக்கு நான்கு சுற்று ஓடும்படி ஆனால், வெளியே ஓடுகிறவரின் இழப்பு 30 மீற்றரைத் தொட்டுவிடும். வளைவில் முந்தாதே, நேர்ப்பகுதி வரும்வரை பொறு என்று பழைய பயிற்றுவிப்பாளர்கள் சொல்வது இதனால்தான்.

மலையில் பயிற்சி பெறுவதன் பலம் உங்களுக்கு நிச்சயம் இருக்கிறது. ஏற்றப் பாதையில் ஓடி வளர்ந்த கால்கள் உந்தும் திறனில் குறையாதவை. 1,800 மீற்றருக்கு மேலே இருக்கும் நுவரெலியாப் பக்கத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதும் உண்மை. ஆனால் மலையில் வளர்ந்த உடல் கொழும்பின் புழுக்கத்துக்குப் பழகியதல்ல. வெப்பத்துக்குப் பழகுவதற்குப் பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். இரவு பஸ் ஏறி விடியற்காலையில் இறங்கி அன்றே ஓடுகிறவர், இறுதி 200 மீற்றருக்கென்று எதையும் மிச்சம் வைத்திருக்க முடியாது. முன்கூட்டியே போக வசதியில்லாவிட்டால், போட்டிக்கு முந்திய இரண்டு வாரங்கள் நண்பகல் வெயிலில், மேலே இன்னொரு சட்டை அணிந்து மெதுவாக ஓடிப் பழகுங்கள். நீரைக் குறைக்காதீர்கள், தலைசுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

பின்னாலிருந்து வருவதை விட்டுவிடச் சொல்லவில்லை. கடைசி ஆளாக இருப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். மூன்றாவது, நான்காவது இடத்தில், உட்பாதையில் அடைபட்டுப்போகாமல் முன்னவரின் வலத்தோளுக்கருகே ஓடிப் பாருங்கள். பார்வையாளர்களின் ஆரவாரம் சற்றுக் குறையலாம்.

கேள்வி: தோட்ட இளைஞர் கழகம் ஒன்றில் மாலை நேரங்களில் முப்பது பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நான் முறையாகப் படித்த பயிற்றுவிப்பாளர் அல்லன். எல்லோருக்கும் ஒரே முறையைக் கற்பித்தால் அவர்களுடைய தனித்தன்மை போய்விடுமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பார்க்க எனக்கு நேரமும் இல்லை.
– தொண்டர், அப்புத்தளை

பதில்: பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்து முடிந்து பெற்றோர் வீடு திரும்பும் நேரத்தில் முப்பது பிள்ளைகளை மைதானத்தில் கட்டி வைத்திருப்பதே பெரிய காரியம். தனித்தன்மை போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். ஒரே முறையைச் சொல்லிக் கொடுத்தாலும் முப்பது உடல்களும் அதை முப்பது விதமாகத்தான் செய்யும்.

எல்லோருக்கும் பொதுவாக வற்புறுத்த வேண்டியவை சிலவே: பாதம் உடலுக்கு வெகு முன்னால் விழக்கூடாது, தோளும் தாடையும் இறுகக்கூடாது, தரையிறங்கும் முழங்கால் உள்நோக்கிச் சரியக்கூடாது. இவை காயத்தோடு தொடர்புடையவை, ஆகவே இவற்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். அடியின் நீளத்தை நீங்கள் தீர்மானிக்க முற்பட வேண்டாம். நெடுநாள் ஓடிப் பழகியவர்கள் தாமாகத் தெரிந்தெடுக்கும் அடிநீளம் பெரும்பாலும் அவர்களுக்குக் குறைந்த சக்தியைச் செலவழிப்பதாகவே இருக்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். தொடக்கக்காரர்களுக்கு மட்டும் அடியைச் சற்றுக் குறுக்கச் சொல்லலாம். கையை எந்தக் கோணத்தில் மடக்குவது, தலையை எங்கே வைப்பது, முன்னால் ஓடுவதா பின்னால் ஓடுவதா என்பவற்றைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.

ஒரு பிள்ளையிடம் ஏதேனும் வித்தியாசமாகத் தெரிந்தால், திருத்துமுன் அது எதற்குப் பயன்படும் என்று யோசியுங்கள். 400 மீற்றர் தடைதாண்டலில் இரு தடைகளுக்கிடையே 35 மீற்றர். அந்தக் காலத்தில் பலர் அதை 14 அல்லது அதற்கும் மேற்பட்ட அடிகளில் கடந்தபோது, எட்வின் மோசஸ் நீண்ட கால்களைக் கொண்டு பத்துத் தடைகளுக்கும் இடையில் 13 அடிகளே வைத்து ஓடினார். 1976இலும் 1984இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். 1977 முதல் 1987 வரை 122 ஓட்டங்களில் அவரை எவரும் தோற்கடிக்கவில்லை. அவருடைய அடி நீளமாக இருக்கிறதென்று யாராவது பள்ளிப் பருவத்திலேயே குறுக்கியிருந்தால் அந்தப் பத்தாண்டு வேறுவிதமாக நடந்திருக்கும். ஆனால் மோசஸின் 13 அடியை உங்கள் குட்டையான பிள்ளைக்குத் திணிப்பதும் அதே அளவு தவறு. அவளுக்கு 15 அடி சரியாக இருக்கலாம், இரு கால்களாலும் தாண்டப் பழகினால் 16 கூடச் சரியாகலாம்.

நேரமில்லை என்கிறீர்கள். ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு மாலையும் இரண்டு பிள்ளைகளை மட்டும், அவர்கள் களைத்திருக்கும் கடைசிச் சுற்றில் கூர்ந்து பார்த்து இரண்டு வரி எழுதுங்கள்: என்ன மாறியது, நேரம் என்ன. வாரத்தில் ஐந்து மாலைகள் என்றால் மூன்று வாரத்தில் முப்பது பேரையும் பார்த்து முடித்துவிடுவீர்கள். மழைக்காலத்தில் மைதானம் சேறாகிப் பயிற்சி நின்றுபோகும் நாட்களில் அந்தக் கொப்பியைப் பிள்ளைகளிடமே கொடுத்துத் தங்கள் பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். தங்கள் ஓட்டத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஏதேனும் ஒன்றை அவர்கள் சொன்னால் அதையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.